முழங்கை வரை

கேசரிக்குப் போடும் மஞ்சள் கலர்ப் பொடி கையில் பட்டால் லேசில் போகாது. நீங்கள் என் விரல்களையே பார்ப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். அது வெறும் சாயம். யாரையும் கொல்லாது.

அந்தச் சாயத்தைத் தண்ணீரில் அடர்த்தியாகக் கரைத்துத் தோலுக்குள் இறக்கினால், தோல் கொஞ்ச நேரம் ஒளியைச் சிதறவிடாது. அடியில் ஓடும் ரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரியும். ஊசி போட இடம் தேடி ஒருவரைத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டியதில்லை. இறக்குவதில்தான் சிக்கல். தோலின் மேலே செத்த செல்களால் ஆன மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அது எதையும் சுலபத்தில் உள்ளே விடாது. நான் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து அதை மெலிதாக்கினேன். பிறகு நானே சேர்த்த ஒரு கரைப்பானைத் தடவினேன். அது திறந்த வழி மறுநாளும் மூடவில்லை. எங்களுக்கு இருந்த அனுமதி எலிகளுக்கானது. எலித்தோல் மெல்லியது, அதில் எதையும் நிரூபிக்க முடியாது.

மண்டி மொஹல்லாவில் எங்கள் ஆய்வகத்துக்குக் கீழேதான் காளிதாஸ் செண்டுமல்லி இறக்கும் கடை. கௌதள்ளியில் இருக்கும் தன் வயலிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் லோடு வண்டியில் வருவார். கூட வரும் அவர் மனைவி பாப்பாயி படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். வெயிலிலும் வயல் வேலையிலும் தடித்த கை. எனக்கு அந்தக் கை தேவைப்பட்டது.

"எனக்கு ரத்தம் எடுக்கறதுக்குள்ள நர்சம்மாளுக்கே வேர்த்துப்போயிருமுங்க சார்," என்று சிரித்தார். இடது முன்கையில் தடவினோம். சற்று நேரத்தில் ரத்தக்குழாய் தெரிந்தது. "ஐயோ சாமி, கண்ணாடியாட்ட இருக்குதுங்க," என்றார். நாளை சாயந்தரம் வரை கழுவ வேண்டாம், எதையும் போட்டு மூட வேண்டாம் என்றேன். தடவிக்கொள்ளும் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அடுத்த லோடுக்கு வந்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது. வாயோரம் எச்சில் வடிந்தது. எங்கள் கன்னட நர்ஸ் நிம்மி அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒந்து நிமிஷ சார். கண்ணுப் பாப்பா ஊசிமுனை மாதிரி இருக்கு. வயல்ல மருந்து ஸ்ப்ரே அடிக்கிறவங்களுக்கு இப்படி ஆகும். முன்னாடி வார்டுல பார்த்திருக்கேன்."

டார்ச் வெளிச்சத்தில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை. மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. பாப்பாயியின் ரத்தத்தை நானே எடுத்துச் சோதித்தேன். செண்டுமல்லிக்கு அடிக்கும் பூச்சிமருந்து அதில் இருந்தது. சாயம் போன வழியாகவே அதுவும் போயிருந்தது. சாயம் எவ்வளவு இறங்கியது என்று அதுவரை கண்ணால்தான் மதிப்பிட்டோம். பூச்சிமருந்தை ரத்தத்திலேயே அளக்கலாம். இவ்வளவு சுத்தமான சான்று என் வேலையில் அதுவரை கிடைத்ததில்லை.

அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மருந்தடிப்பதை நிறுத்தியிருப்பார், இல்லையென்றால் இங்கே வருவதை நிறுத்தியிருப்பார். நான் சொல்லவில்லை. உடம்பு தேறியதும் இரண்டு கைகளுக்கும் முழங்கை வரை தடவினேன்.

கிளம்பும்போது அவரே கேட்டார். "ஏனுங் சார், மருந்தடிக்கையில எங்கூட்டுக்காரரு பழைய முழுக்கைச் சட்டையச் சீலை மேல போட்டுக்குவனுங்க. போன தடவ நீங்க சொன்னீங்கன்னு போடுல. இந்தத் தடவ போட்டுக்கட்டுங்களா?"

"வேண்டாம்மா," என்றேன்.

அன்று சாயந்தரம் காளிதாஸ் அவரைச் சத்தம் போட்டதாகச் சொல்கிறீர்கள். மஞ்சள் கையோடு சோறாக்காதே, கழுவிட்டு வா என்று அவர் கத்தியது பக்கத்து வீடு வரை கேட்டிருக்கிறது. பாப்பாயி கழுவவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கு அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. மறுநாள் காலையில் மருந்தடிக்கப் போனவர் பாத்தியிலேயே விழுந்தார். சண்டைக்குப் பிறகு ஒரு பெண் பூச்சிமருந்தால் செத்தால் ஊரில் என்ன சொல்வார்கள்? குடித்துவிட்டாள் என்றார்கள். பிறகு அவன் ஊற்றிக் கொடுத்திருப்பான் என்றார்கள். நீங்களும் அதைத்தான் நம்பி அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். வயிற்றில் மருந்தே இல்லை என்று பிரேதப் பரிசோதனை சொன்ன பிறகுதான் உங்களுக்குச் சந்தேகம் வந்து, மாடியேறி என்னிடம் வந்தீர்கள்.

வயிற்றில் இருக்காது. கைவழியாகப் போனது. போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வேண்டாம் என்றேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கெட்ட எண்ணத்தோடு நான் எதையும் செய்ததில்லை.

காளிதாஸை விட்டுவிடுங்கள், நல்ல மனிதர். விடுவதற்கு முன் அவரிடம் நான் ஒரு நிமிடம் பேச வேண்டும். பாப்பாயியின் கையைவிட அவர் கை தடிப்பு. அதில் ரத்தக்குழாய் தெரிந்துவிட்டால் இனி யார் கையிலும் தெரியும்.