பொம்மை மாட்டிய இடம்

புதுக் கட்டடத்துக்குத் திருஷ்டி பொம்மை மாட்டும்போது யாரும் இடம் பார்ப்பதில்லை. ஏதாவது ஒரு சாரத்தில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் இடம் பார்த்தேன், சார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். சைக்காலஜி படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஒரு விஷயம் உருப்படியாகக் கற்றேன். எதிரே ஒரு முகம் இருந்தால் கண் நம்மைக் கேட்காமலே அதன்மேல் போய்விடும். பிறந்த குழந்தைக்கும் அப்படித்தான். பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது.

அதனால்தான் ஷ்யாம் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்தது. தையல் கம்பெனிக்குப் போய் என்னைப் படிக்கவைத்த என் அக்கா வேண்டாவை, முட்டுக்காடு தாண்டி அந்த வளைவில் அவன் பைக் அடித்துக் கொன்றது. "நான் யாரையுமே பாக்கல சார்" என்றான். நீங்களும் ஸ்டேஷனில் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். ஜாமீனில் வந்த வாரமே மறுபடி மாமல்லபுரத்துக்கு வண்டி ஓட்டினான்.

அதே வளைவில் ஒரு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே சைட் ஆபீசில் சேர்ந்தேன். சாலை இடப்பக்கம் திரும்பும் இடத்தில், நேர் எதிரே, ஜல்லிக் குவியலுக்கு மேலே பொம்மையைக் கட்டச் சொன்னேன். முதலில் ஒரு பால்காரர் விழுந்தார். கை மட்டும் முறிந்தது. மேஸ்திரி சின்னராசுவுக்குப் பயம் வந்துவிட்டது.

"கயட்டிடலாம்மா. வர்றவன் கண்ணு பூரா ரோட்ட வுட்டுட்டு இதும்மேலயே கீது. பேஜாரு."

இருக்கட்டும் அண்ணே என்றேன். அடுத்து ஸ்கூட்டரில் வந்த ஒரு தம்பதி. அந்தப் பெண் பிழைக்கவில்லை. வருத்தம்தான். ஆனால் பொம்மை வேலை செய்கிறது என்று உறுதியானது. விழிகளுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வெள்ளை பூசினேன்.

ஞாயிறு காலை ஷ்யாம் வந்தான். பார்த்தான். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை.

கொலை என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முகம் இருந்தால் அவன் பார்க்கிறவன்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை நான் நிரூபித்துவிட்டேன்.

அக்காவுக்கு அடி விழுந்தது முதுகில்தான் என்று போஸ்ட்மார்ட்டத்தில் இருக்கிறது என்கிறீர்கள். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தவள், அவனுக்கு முதுகைத்தான் காட்டியிருப்பாள் என்கிறீர்கள்.

பைக் சத்தம் கேட்டிருக்கும், சார். அவள் திரும்பியிருப்பாள்.