கல்லு பிடிச்ச படுதா

குளத்தங்கரையில ரெண்டு கல்லுக்கால் நிக்குல்லா, தலையில துளை போட்டு? அதுக்கு நடுவுலதான் நீங்க எல்லாரும் இப்பம் கல்யாணப் படத்துக்கு நிக்கப் போறிய. படம் எடுக்குதவன் வந்து சேருததுக்குள்ள அந்தக் கதையைச் சொல்லிருதேன். எனக்குச் சொன்னது எங்க பெரியப்பா. அவருக்குச் சொன்னது அவுக அய்யா. அதுக்கு முந்தி யாரு சொன்னாகளோ, தெரியாது.

மெட்ராசுக்குப் போனவனை ஊரே கூடி வேடிக்கை பாத்த காலம். இதே செம்பரைக்குளத்துல சடையப்பபிள்ளைன்னு ஒருத்தர் இருந்தாராம். அவருக்கு ஒரு மக, ஒரு மகன். மக சங்கரவடிவு. மகன் குத்தாலம். தாய் கோமு அம்மாள் சீக்காளி. அதனால தம்பியை இடுப்புலயே வச்சு வளத்தவ அக்காதான். அவ நெல்லு குத்திக்கிட்டு இருக்கையில பய தவந்து வந்து உலக்கையில தொங்கினானாம். உலக்கை சரிஞ்சு அவ இடது கையில விழுந்துச்சு. சுண்டுவிரல் கோணிப்போச்சு. கோணினது கோணினதுதான்.

பெறவு அவளைக் கட்டிக் குடுத்தாக. புருசன் செத்துப்போனான். வெள்ளைச் சீலையோட பொறந்த வீட்டுக்கே வந்துட்டா. குத்தாலம் மீசை முளைக்கும் முந்தியே பினாங்குக்குக் கப்பலேறி, ஜவுளிக்கடையில நின்னான். நின்னவன் நின்னவன்தான். ஊருக்கு வரவே இல்ல.

கோமு அம்மாளுக்கு அதே கவலை. "எம்மூஞ்சியே மறந்துருவான்"னு புலம்புவாளாம். அப்பந்தான் பாளையங்கோட்டையில படம் பிடிக்குத தாவீது மாஸ்டரைக் கூட்டிட்டு வாங்கன்னு சடையப்பபிள்ளை ஆளனுப்பினாராம்.

ஊரே அல்லோலகல்லோலம். பக்கத்து வீட்டு அட்டிகை இங்க வருது, எதிர்வீட்டுக் கடிகாரம் இங்க வருது. சடையப்பபிள்ளையோட தம்பி பிரமநாயகம், கோட்டு ஒண்ணு இரவல் வாங்கி, வேர்த்து ஊத்த ஊத்தக் காலையிலேர்ந்து கழட்டலியாம். முட்டாய் மாவைத் தடவினமாதிரி எல்லாரு முகத்துலயும் பவுடர்.

படம் எடுக்கணும்னா பின்னால படுதா வேணும். மாஸ்டர் கருநீலப் படுதா கொண்டுவந்தாரு. ஒரு பக்கத்தைக் குளத்தங்கரைப் புங்கமரத்துல கட்டியாச்சு. மறுபக்கம் கட்ட ஒண்ணுமில்ல. ஆடிக்காத்து வேற, கம்பை நட்டா கம்போட சாய்க்குது. யாராவது பிடிச்சுக்கிட்டு நிக்கணும். யாரு பிடிப்பா? எல்லாருக்கும் படத்துல இருக்கணும். சங்கரவடிவு எப்படியும் படத்துல கிடையாது. தாலியறுத்தவ குடும்பப் படத்துல நின்னா குடும்பத்துக்கு ஆகாதுன்னு அன்னைக்கு ஒரு பேச்சு. அவகிட்ட யாரும் கேக்கக்கூட இல்லியாம். படுதா முனையைக் கையில குடுத்தாக. அவ படுதாவுக்குப் பின்னால ஒதுங்கி நின்னு பிடிச்சா.

மாஸ்டர் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டாரு. "மூச்சு விடாதிய"ன்னாரு. யாரும் விடல. காத்து மட்டும் விட்டுச்சு. படுதா படபடன்னு அடிச்சுது. சங்கரவடிவு விளிம்பைச் சுத்தி இறுக்கிப் பிடிச்சா. அம்புட்டுத்தான் நடந்துச்சுங்காக சில பேரு. இல்ல, தெரிஞ்சேதான் கையை முன்னால விட்டாங்காக சில பேரு. எனக்குத் தெரியாது.

கொஞ்ச நாள் கழிச்சு மாஸ்டர் மாதிரிப் படத்தைக் கொண்டுவந்தாரு. அந்தக் காலத்துல படம் கண்ணாடித் தகட்டுலதான் விழும். வெள்ளையாக்கணும்னா தகட்டுல பென்சிலால பூசுவாரு. கறுப்பாக்கணும்னா கத்தியால சுரண்டுவாரு. அதுக்குப் பேரு டச்சிங். "என்ன டச்சிங் வேணும்னு சொல்லுங்க"ன்னாரு.

சடையப்பபிள்ளை, மீசை நரைச்சுத் தெரியுது, கறுப்பாக்குங்கன்னாரு. கோமு அம்மாள், எங்கறுப்பைக் குறைங்க, கன்னம் ஒட்டிக் கெடக்கு, அதையும் பாருங்கன்னா. பிரமநாயகம், என் கழுத்துல ஒரு சங்கிலி வேணும், ரெட்டை வடமா இருக்கட்டும்னாரு. அம்புட்டும் சொன்னப்புறம் படத்து ஓரத்தைப் பாத்தாரு. அவரு காதுக்குப் பக்கத்துல, படுதா விளிம்பைப் பிடிச்சபடி நாலு விரலு.

"இது என்ன வேய் இது? பேய் மாதிரி. இதைச் சுரண்டி எடும்"ன்னாரு.

கதவுக்குப் பின்னால நின்ன சங்கரவடிவு அன்னைக்குத்தான் ஆம்பளைய கூடியிருந்த இடத்துக்கு வந்தாளாம்.

"மாஸ்டரே, எல்லாத்தையும் மாத்தும். அந்த விரலை மட்டும் விட்டுரும். அது எந்தம்பிக்கு."

"உள்ள போ தாயி"ன்னாரு சடையப்பபிள்ளை. விரல் அபசகுனம், வேணும்னா இன்னொரு தடவை எடுத்துருவோம்னாரு.

"எடுங்கய்யா. ஆனா படுதாவை நான் பிடிக்கமாட்டேன். படத்துல இருக்கவுகள்ல யாராவது பிடிங்க."

அவ்வளவுதான். எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாக. கோட்டை விட்டுக்குடுக்க ஆளில்ல, அட்டிகையை விட்டுக்குடுக்க ஆளில்ல. கடைசியில பிரமநாயகம், மறுபடி எடுக்கண்டாம், சுரண்டினாப் போதும்னாரு.

தாவீது மாஸ்டர் படத்தைப் பாத்தாரு. சங்கரவடிவு கையைப் பாத்தாரு. கோணல் விரலு ரெண்டுலயும் ஒண்ணுபோல இருந்துச்சு.

"சுரண்டலாம் அண்ணாச்சி. ஆனா காதுக்கு ஒட்டினாப்புல இருக்கு. கத்தி சறுக்கினா காது போயிரும்."

"யாரு காது?"

"உங்க காதுதான்."

பிரமநாயகம் யோசிச்சாராம். "கெடக்கு களுதை, விரல் இருந்துட்டுப் போவுது"ன்னுட்டாராம். தாவீது மாஸ்டர் கத்தி ஒருநாளும் சறுக்கினதில்லங்காக. அது மாஸ்டருக்கும் தெரியும்.

படம் கப்பலேறிப் பினாங்கு போச்சு. குத்தாலம் பிரிச்சுப் பாத்தான். மீசை கறுத்த ஒரு பெரிய மனுசன். செவத்த, கன்னம் உப்பின ஒரு அம்மா. ரெட்டை வடச் சங்கிலி போட்ட ஒரு மிராசு. அவன் வீட்டுல சங்கிலி ஏது? வேற யாரு வீட்டுப் படமோ மாறி வந்துட்டுன்னு கடையில உள்ளவுககிட்டக் காட்டினானாம். திருப்பி அனுப்பிருவோம்னு உறையைத் தேடினானாம். தேடும்போதுதான் ஓரத்தைப் பாத்தான். நாலு விரலு. கடைசி விரல் கோணல்.

"இது எங்கக்கா"ன்னான்.

கையிலேர்ந்துதான் மத்த முகத்தையெல்லாம் ஒண்ணொண்ணாக் கண்டுபிடிச்சானாம். இது அய்யா, இது அம்மா, இது சித்தப்பான்னு. எல்லாரையும் கண்டுபிடிச்சு முடிச்சப்புறம் அவன் முகம் செத்துப்போச்சுங்காக. அடுத்த கப்பல்ல ஏறிட்டான்.

வீட்டு வாசல்ல வந்து இறங்கினவன் பெட்டியைக் கீழ வைக்குமுன்ன கேட்டது இதைத்தான்:

"அக்கா ஏன் வெளிய நிக்கா?"



மறுவாரமே கல்தச்சனைக் கூட்டிட்டு வந்தான். கரையில ரெண்டு கல்லுக்கால் நட்டான். தலையில துளை போட்டு, குறுக்கே ஒரு கம்பைச் செருகி, அதுல படுதாவைத் தொங்கவிட்டான். திரும்பவும் தாவீது மாஸ்டர் வந்தாரு. நடுவுல நாற்காலி போட்டாச்சு. சங்கரவடிவு போன தடவை மாதிரியே ஓரத்துக்குப் போனா.

"இங்க வந்து உக்காருக்கா."

"நான் வந்தா படுதாவை யாரு பிடிப்பா?"

"கல்லு பிடிக்கும். நீ வா."

அவ அய்யாவைப் பாத்தா. சடையப்பபிள்ளை எந்திரிச்சு, தான் உக்காந்திருந்த நாற்காலியைத் துண்டால தட்டி அவ பக்கம் நகத்தினாராம். அவ உக்காந்தா. இடது கையை மடியில விரிச்சு வச்சுக்கிட்டா.

படம் முடிஞ்சு, என்ன டச்சிங்னு மாஸ்டர் கேட்டாரு. பிரமநாயகம் வாயைத் தொறந்தாராம். கோமு அம்மாள் முந்திக்கிட்டா.

"ஒண்ணும் வேண்டாம் மாஸ்டரே. இவன் மறுபடியும் யாரு வீட்டுப் படம்னு கேப்பான்."

அந்த ரெண்டு கல்லுதான் இது. சங்கரவடிவு கால்னுதான் இதுக்குப் பேரு. படுதாவே இல்லாத இந்தக் காலத்துலயும் இந்த ஊருல குடும்பப் படம்னா இதுக்கு நடுவுலதான். எந்த ஊருலேர்ந்து வந்த படக்காரனா இருந்தாலும், பொத்தானை அமுக்குமுன்ன அவன் ஒரு வார்த்தை கேக்கணும். நாம பதில் சொன்னப்புறந்தான் எடுக்கணும். சமையக்கட்டுல நிக்கவளுக்கும் பந்தி விசாரிக்கவனுக்கும் கேக்குதாப்புல சத்தமாக் கேக்கணும்.

அந்தா, பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான். புது ஆளு போல, அவனுக்குத் தெரியாது. நீங்க சொல்லிக்குடுங்க. அவன் கேக்க வேண்டியது இதுதான்:

"வெளிய யாரும் நிக்கலியே?"