கீழடுக்கில் ஒரு கீறல்

உங்கள் போனை அணைக்க வேண்டாம், சார். இந்த அறையில் அது அடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மெஷின் இருக்கிற அறைக்குள் நுழையும்போது என்னுடையதை அணைத்துவிடுவது எனக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

என் தங்கை ஆஸ்பத்திரியில் இறந்ததற்காக அவள் கணவரை, எங்கள் மாப்பிள்ளையை, நேற்றுப் பிடித்து வந்தீர்கள். அவளுக்கு மருந்து ஏற்றிய மெஷின் எங்கள் கம்பெனியுடையது. அதற்குள் இருக்கும் மின்சுற்றுப் போர்டை வடிவமைத்தவர் என்று எல்லாக் காகிதத்திலும் அவர் பெயர்தான் இருக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை, காகிதம்தான் பொய். ஒரு பாவமும் அறியாத மனுஷன் உள்ளே இருக்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாக வந்தேன்.

கம்பெனியை நாங்கள் இருவரும் என் வீட்டுப் பின்னறையில் தொடங்கினோம். அவருக்கு வாய், எனக்குக் கை. இருபது வருடமாக நான் போர்டு போடுகிறேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு பிடிவாதம்: கீழடுக்கை வெட்டக் கூடாது. மேலே கோடு கோடாக ஓடும் செம்புத் தடங்களுக்கு அடியில், ஓட்டையில்லாத ஒரு செம்புத் தகடு இருக்கும். கிரவுண்ட் என்போம். மேலே போகிற மின்சாரம் திரும்பி வந்தாக வேண்டுமில்லையா? தகடு முழுசாக இருந்தால், போன தடத்துக்கு நேர் கீழேயே சமர்த்தாக வந்துவிடும். நடுவில் வெட்டிவிட்டால் ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். அப்படிச் சுற்றுகிற பாதை ஏரியல் மாதிரி, அக்கம்பக்கத்து மின் இரைச்சலையெல்லாம் உள்ளே இழுத்துவிடும். எங்கள் மெஷின் சோதனைக் கூடத்தில் முதல் தடவையே தேறியதற்கு அந்தத் தகடுதான் காரணம்.

பிறகு காப்புரிமை விண்ணப்பத்தைப் பார்த்தேன். வடிவமைப்பு என்ற இடத்தில் மாப்பிள்ளை பெயர். என் பெயர் கடைசிப் பக்கத்தில், வரைபட உதவி என்று. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அடியில் சாட்சிக் கையெழுத்து என் தங்கையுடையது. அப்பா போன பிறகு நான் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய பிள்ளை, சார்.

"என்னம்மா இது?" என்றேன்.

"பேர்ல என்னண்ணா இருக்கு? எல்லாம் வீட்டுக்குள்ளதானே. நாலு பேர் முன்னாடி உனக்குப் பேச வராது. அவர்னா பேசுவார்."

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்கள். கத்தியை அவர் பிடித்தார், நான் திமிறாமல் இவள் பிடித்துக்கொண்டாள். மறுநாளும் ஒன்பது மணிக்கு ஆபீஸ் போனேன்.

அந்த வாரம் போர்டில் ஒயர் செருகும் ஒரு இணைப்பானை நகர்த்த வேண்டியிருந்தது. சின்ன மாற்றம், மறு சோதனை தேவையில்லை. அதோடு சேர்த்து, மருந்தைத் தள்ளும் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லும் தடத்துக்கு அடியில், கிரவுண்டில் ஒரு கீறல் போட்டேன். தலைமுடியைவிடக் கொஞ்சம் அகலம், நான்கு சென்டிமீட்டர் நீளம். ஓரத்தில் செம்பிலேயே என் முதலெழுத்தைப் பொறித்தேன். முதல் போர்டு வந்ததும் மூன்று நாள் உட்கார்ந்து அளந்தேன். மெஷின்மேல் போன் இருந்து மூன்று முறை விடாமல் அடித்தால், மோட்டார் மெதுவாக ஓடுவதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். பிறகு யாராவது வந்து நிறுத்தும்வரை பத்து மடங்கு வேகத்தில் மருந்தைத் தள்ளும். திரையில் மட்டும் எல்லாம் சரியாகவே தெரியும்.

படங்களைச் சரிபார்க்க மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். மேலடுக்கை மட்டும் பார்த்தார்.

"கிரவுண்டைப் பாக்கலையா மாப்ள?"

"நீங்க போட்ட கிரவுண்டுல நான் என்னத்தப் பாக்கறது மச்சான்? அதுல தப்பு கண்டுபிடிச்சா என்னைத்தான் சிரிப்பாங்க" என்று கையெழுத்துப் போட்டார். இந்த வார்த்தையை அந்த விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நாலு பேர் முன்னால் மெஷினைக் காட்டும்போது அவர் மானம் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று எல்லோரையும் போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். மெஷின் ஒழுங்காக ஓடியது, கைதட்டினார்கள். பன்னிரண்டு மெஷின்கள் ஆஸ்பத்திரிக்குப் போயின.

தங்கைக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் முடிந்து, வலி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நம்ம மெஷினைத்தான் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லி வைக்கவைத்தாராம். நான் மத்தியானம் போனேன். வாசலிலேயே என் போனை அணைத்தேன். பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

"அண்ணா, போன் முதுகுல குத்துது. எடுத்து எங்கேயாவது வையேன்."

ஜன்னல் ஓரம் மேஜை காலியாக இருந்தது. நான் மெஷின்மேல் வைத்தேன். போர்வையை இழுத்துவிட்டேன். "சாப்ட்டியாண்ணா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். உங்களைத்தான் கேட்டாள், ஒரு போன் போடுங்கள் என்றேன். போட்டார்.

"எடுக்கல மச்சான். தூங்கறா போல."

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். எடுக்கவில்லை. "விடுங்க மச்சான், மேலதான போறோம்" என்றார்.

"இன்னும் ஒரே தடவை" என்றேன். அதையும் செய்தார், நல்ல மனுஷன். பிறகு அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். நிதானமாக இரண்டு டீ குடித்தோம். நாங்கள் மேலே போனபோது வராந்தாவில் நர்சுகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் நிபுணர் போர்டை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தாராம். இவ்வளவு சுத்தமான கீறலைப் பார்த்ததில்லை என்றாராம். இன்று மாலைச் செய்தியில் அதைச் சொல்லிவிட்டு, ஓரத்தில் இருக்கும் என் எழுத்தைக் கண்டுகொள்ளாமல், அதையும் மாப்பிள்ளை வரைந்தது என்று வாசித்தார்கள். நான் டிவியை அணைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மற்ற பதினொன்றும் இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன, சார். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கையில் இருக்கும் அந்தக் காகிதத்தில் மாப்பிள்ளை பெயரை அடித்துவிட்டு, வடிவமைப்பு என்று போட்டு, என் பெயரை எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.