ரெண்டு தட்டு

இந்த போலீஸ் ஸ்டேஷன் ஃபேன் ஏழு அடி அடிச்சுட்டு ஒரு மூச்சு விடுது, கவனிச்சீங்களா சார். கவனிச்சிருக்க மாட்டீங்க. உங்களைக் குத்தம் சொல்லலை, இந்த ஊர்ல யாருக்குமே காது கிடையாது. மூணு நிமிஷ சினிமாப் பாட்டு, டங்கு டங்குனு ரெண்டு தட்டு. அதுக்கு மேல ஒரு அடி சேத்துப் போட்டா ஜனங்களுக்குத் தலை சுத்தும்.

நான் மனோகரன். எர்ணாவூர்ல கன்டெய்னர் யார்டுல கேட் கிளார்க்கு. வண்டி நம்பர் எழுதுறது வயித்துப் பொழப்பு, அவ்வளவுதான். ப்ராக்ரெசிவ் ராக்னு ஒரு சங்கீதம் இருக்கு சார். ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும். ஏழு அடி, பதினோரு அடினு தாளம் மாறிக்கிட்டே போகும், எங்க போய் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஃபின்லாந்து, ஹங்கேரி, ஜப்பான்னு எந்த மூலையில எவன் புதுசா வாசிச்சாலும் நான் தேடிப் பிடிச்சுடுவேன். ஞாயித்துக்கிழமை மதியானம் ராயபுரத்துல சாலமோனோட மைக் செட் கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, பெரிய பாக்ஸ்ல போட்டுக் கேப்போம். சாலமோன், மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்குற வினிதா, இன்னும் சில பேரு. நான் குனிஞ்சு உள்ள நுழையும்போதே சாலமோன், "இன்னா மாமு, இந்த வாரம் இன்னா புதுசு கீது?"ம்பான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் சார் வாரம் பூரா வண்டி நம்பர் எழுதினேன்.

எங்க கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். பாட்டு முடியுற வரைக்கும் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, யாரையும் கூப்பிடக் கூடாது. வூடு பத்திக்கிட்டாலும் பாட்டு முடிஞ்ச அப்புறம்தான் சொல்லணும். சட்டம் போட்டது நான். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டாங்க, தீபனும்தான்.

தீபனை அங்க கூட்டிட்டுப் போனதே நான்தான். எங்க யார்டுல கன்டெய்னர் சீல் சரிபாக்குறவன், திருவொத்தியூர் குப்பத்துக்காரன். ஆளு தங்கமான ஆளுதான், ரசனைதான் கலீஜ். ஏழு அடிப் பாட்டு ஓடும்போது தொடையில ரெண்டு தட்டா தட்டிக்கிட்டு இருப்பான். "தீபா, அது ஏழு"ன்னா, "இன்னா மாமு, பாட்டு கேக்கறதா, கணக்கு போடறதா?"ம்பான். வினிதா சிரிக்கும். நானும் சிரிச்சு வெச்சேன்.

எங்க யார்டுல ஒரு வழக்கம் சார். டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால நிக்கிறவன் கன்டெய்னர் மேல கையால தட்டணும். ரெண்டு தட்டுன்னா வா, ஒரு தட்டுன்னா நில்லு. டிரைவருக்குப் பின்னால ஒண்ணும் தெரியாது, அந்தத் தட்டை நம்பித்தான் எடுப்பான். தீபன் அந்தத் தட்டையும், ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப்னு கத்துற ஹாரனையும் போன்ல பதிவு பண்ணி, சிலி நாட்டுல ஒரு துறைமுக ஊர்ல இருக்குற ராக் பேண்டுக்கு அனுப்பியிருக்கான். அவனாவே தேடிக் கண்டுபிடிச்ச பேண்டு. எனக்கே தெரியாத பேண்டு.

அவங்க அதை வெச்சே ஒரு நீளப் பாட்டு கட்டி, 'எண்ணூர்'னு பேரும் வெச்சுட்டாங்க. சாலமோன் கடையில போட்டான். அன்னிக்கு நான் கண்ணை மூடலை, மத்தவங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். வினிதா அழுதுச்சு. பாட்டு முடிஞ்சதும் சாலமோன் தீபனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "அடுத்த வாரம் இன்னா புதுசு கீது தீபா?"ன்னான். அது என்கிட்ட கேக்குற கேள்வி சார்.

வயிறு எரிஞ்சுது. பொறாமைன்னு எழுதாதீங்க, எனக்கு வருத்தம் சங்கீதத்துக்காக. உலகம் பூரா ரெண்டு தட்டுலேர்ந்து தப்பிச்சு ஓடுறதுக்குத்தான் இப்படி ஒண்ணை உண்டாக்கி வெச்சிருக்காங்க. இவன் எர்ணாவூர் தகரச் சத்தத்தை அதுக்குள்ள தூக்கிப் போடுறான், அதுக்கு ஒருத்தி அழுவுறா. அப்புறம் தரம்னு ஒண்ணு எதுக்கு சார் இருக்கு.

சம்பவம் நடந்த அன்னிக்கு, மதியம் சாப்பாட்டு நேரம். நின்னுக்கிட்டிருந்த டிரெய்லரோட பின்பக்கத்துக்கும் காம்பவுண்டு செவுத்துக்கும் நடுவுல கொஞ்சம் நிழல் விழும், நாங்க எப்பவும் அங்கதான் உக்காருவோம். "உன் ஹெட்போனைக் குடு மாமு, நம்ம பாட்டை ஒருவாட்டி நல்லா கேட்டுக்கறேன்"னான் தீபன். நம்ம பாட்டாம். குடுத்தேன். செவுத்துல சாஞ்சு, சட்டப்படி கண்ணை மூடிக்கிட்டான்.

நான் கை கழுவ எழுந்து போனேன். அதுக்குள்ள அந்த வண்டியை எடுக்கச் சொல்லி ஆள் வந்துட்டான். டிரைவர் சௌக்கத் அலி மேல ஏறிக்கிட்டே, "பின்னால கொஞ்சம் பாருங்க சார், ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்பணும்"னாரு. போய்ப் பாத்தேன். தீபன் அங்கதான் உக்காந்திருந்தான். பாட்டு முடியலை. ஹாரன் பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சுது. தீபன் கண்ணைத் திறக்கலை, லேசா சிரிச்சான். பாட்டுக்குள்ளயும் அதே ஹாரன்தானே.

சாவுக்குப் போயிருந்தேன். அவன் பொண்டாட்டி ஜோதிகா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எப்பப் பாத்தாலும் உன்னைப் பத்தியே பேசிக்கினு இருப்பாரு அண்ணே. பாட்டு கேக்கவே உன்கிட்டதான் கத்துக்கினாராம்"னு அழுதுச்சு. கத்துக்கிட்டவன் ரெண்டு தட்டு தட்டுவானான்னு மனசுல நினைச்சேன்.

சௌக்கத் அலியை விட்டுடுங்க சார். தட்டு கேக்காம அவரு வண்டியை அசைக்கவே மாட்டாரு. நேத்து உங்ககிட்ட, என் கை சும்மா தாளம் போட்டுச்சு, டிரைவர் தப்பா எடுத்துக்கிட்டாருன்னு சொன்னேன். என் தாளம் ஏழுன்னும் சொன்னேன். ஏழு தட்டியிருந்தா அந்த ஆளு குழம்பிப் போய் இறங்கி வந்து பாத்திருப்பாரு. தீபன் இன்னிக்கு வூட்டுல சோறு தின்னுக்கிட்டு இருப்பான்.

ரெண்டுதான் சார் தட்டினேன். வண்டி செவுத்துல முட்டி நிக்கிற வரைக்கும், ரெண்டு ரெண்டா, ஒண்ணுகூடப் பிசகலை. எல்லாத்தையும் எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன். பக்கத்துல போனப்போ ஹெட்போன் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பாட்டைப் பாதியில நிறுத்தினவன்னு மட்டும் என்னை எழுதிடாதீங்க.