நனைந்த மட்டை

— குடையை என் தலைக்குப் பிடிக்காதே, நீ நனையறே. தோத்தவ நனைஞ்சா பரவாயில்ல. நீ கப்பு வாங்கின கோச்சம்மா.

— கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம் டெஸ். முதல்ல காருல வந்து உக்காரு. மே மாசத்துலயும் இந்த ஊர்க் குளிர் விடுதா பாரு, உனக்குப் பல்லு கிடுகிடுங்குது.

— உன் காருல ஏறினா எங்க பஸ்ஸுல ஒருத்தியும் என்கூடப் பேசமாட்டா. இப்பவே பாதிப் பேர் பேசல. கடைசி நிமிஷத்துல கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் பண்ணினேன். பெத்த அம்மாவே அதை இல்லைன்னு ஆக்கிட்டா.

— அந்த கோல் செல்லாது. லக்ராஸ்ல பந்தை ஏந்திட்டு ஓடற மட்டை வலை அவ்வளவு தொங்கக் கூடாது, உன்னோடது ரொம்பத் தொங்கிக் கிடந்துச்சு. பந்து விளிம்புக்குக் கீழ போய் உக்காந்துக்குச்சுன்னா எவளாலயும் தட்டிப் பறிக்க முடியாது. சட்டம் உனக்குத் தெரியாதா?

— ஆட்டத்துக்கு முன்னாடி நடுவரம்மா பந்தைப் போட்டுப் பார்த்தாங்களே. சரியாத்தான இருந்துச்சு!

— அப்ப மழை இல்ல. வலையைத் தாங்கற தோல் வாரு நனைஞ்சா தொய்யும்.

— மைதானத்துல அத்தனை பேர் இருக்க, உனக்கு மட்டும்தான் அது தோணுச்சு. கையைத் தூக்கி, "பன்னெண்டாம் நம்பர் மட்டையைச் சோதிங்க"ன்னே. நம்பர்! பேரு கூட வாயில வரல.

— பேரைச் சொல்ற வழக்கம் இல்ல.

— ஆமா ஆமா, வழக்கம் இல்ல.

— நீ என் இடத்துல நின்னு பாரு. நான் கோச் வேலைக்குப் போனப்ப அந்தக் காலேஜ்ல லக்ராஸ் டீமுன்னு ஒண்ணே கிடையாது. சாப்பாட்டுக் கூடத்துல மேசை மேசையா போய், "ஓடத் தெரியுமாம்மா, வர்றியாம்மா"ன்னு பிச்சை எடுத்தேன். நீச்சல்ல கழிச்சு விட்டவ ஒருத்தி, குதிரை ஓட்ட மட்டும் தெரிஞ்சவ ஒருத்தி. ஃபுட்பால்காரனுங்க எழுந்து வர்றதுக்குள்ள பயிற்சியை முடிச்சாகணும், மைதானம் அவனுங்களுது. பனியை நானே வாரிக் கொட்டினேன். முதல் வருஷம் ஒரு ஆட்டம் கூட ஜெயிக்கல. இந்தத் தடவை கப்பு வரலன்னா டீமையே மூடிருவோம்னுட்டாங்க. என் மூஞ்சியைப் பார்த்து வந்த பொண்ணுங்கடி.

— உன் பொண்ணுங்க.

— குத்திக் காட்டாத.

— கோச்! கேக் வெட்டணும், வாங்க! நீங்க வராம யாரும் கத்தியைத் தொடமாட்டேங்குறாங்க!

— நீங்க வெட்டுங்க ஆட்ரி, இதோ வர்றேன்.

— போம்மா, கூப்பிடறாங்க. எங்க பக்கமும் பாரு, கார் டிக்கியைத் திறந்து வச்சு, மேசை போட்டு, அவங்கவங்க வீட்ல சூடா சூப்பும் பன்னும் கொடுக்கறாங்க. அப்பா போனப்புறம் எனக்குன்னு வர நீ ஒருத்திதான். நாலு வருஷமா நான் எவளோ ஒருத்தி அம்மா கையில வாங்கித் தின்னுட்டு இருக்கேன்.

— உனக்கும் சனிக்கிழமைதான் ஆட்டம், எனக்கும் சனிக்கிழமைதான். நான் என்ன பண்ணுவேன்?

— தெரியும். காலேஜ்ல நான் ஆடி நீ பார்த்தது இன்னிக்கு ஒண்ணுதான். அதையும் எதிர்ப்பக்கம் நின்னு பார்த்தே.

— எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு? பயிற்சி முடிஞ்சு பொண்ணுங்க கிளம்பிட்டா சலவைக் கடை மாடியில நான் ஒருத்தி. கீழ மிஷின் ஓடற வரைக்கும் தேவல. அது நின்னா அழுகையா வரும். நீ எத்தனை கோல் போட்டேன்னு போன்ல பார்த்துட்டுப் படுத்துக்குவேன்.

— ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே.

— நீ எடுக்கலன்னா என்ன பண்றதுன்னு பயம். இப்ப நேர்ல கேக்கறேன். உனக்குப் படிப்பு முடியுது. இந்தக் கோடைக்கு என்கூட வந்து இரேன். ரெண்டு பேருக்கு அந்த இடம் தாராளம்.

— எதுக்கு? அடுத்த வருஷத்துக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கவா?

— ஏங்கிப் போயிருக்கேன்டி. அதுக்குத்தான்.

— பஸ் கிளம்பிரும், நான் போறேன்.

— நில்லு டெஸ். திட்டவாவது செய். ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. மழை பிடிச்சா வாரை இழுத்து இறுக்கணும்னு உனக்கு விவரம் தெரிஞ்ச நாளா சொல்லியிருக்கேன். வருஷம் ஒரு தடவை பழசை அவிழ்த்துப் போட்டுப் புது வாரு கட்டணும்னும் சொல்லியிருக்கேன். இவ்வளவு நல்லா ஆடறவ, இந்தச் சின்ன வேலையை ஏன் விட்டே?

— நீ அந்த வேலைக்குக் கிளம்பின அன்னிக்கு, பெட்டியெல்லாம் வண்டியில ஏத்திட்டு, சமையலறையில உக்காந்து கட்டிக் கொடுத்தியே, அதே வாருதான்மா அது. நீ போட்ட முடிச்சை அவிழ்க்க எனக்கு மனசு வரல.