முப்பத்தைந்து என்ற விடை

மேடையில் வீற்றிருக்கும் நம் மையத்தின் முதல்வர் அவர்களே, சக ஆசிரியர்களே, மறைந்த கௌரிநந்தன் ஜா அவர்களின் மகன் மிருணாளே, பாட்னாவின் இந்தச் சந்தில் தகரக் கூரையின் கீழ் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரே, வணக்கம். பின்வரிசையில் கைபேசி பார்ப்பவர்கள் அதை உள்ளே வையுங்கள். ஜா பொறுத்துக்கொள்வார், நான் பொறுக்கமாட்டேன்.

என் கணவர் தொடங்கிய இந்தப் பயிற்சி மையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வரிசைக் கணக்கு கற்பித்தவர் ஜா. யார் உயரம், யார் குள்ளம், யார் இடமிருந்து எத்தனையாவது? இதில் அவருக்கு நிகர் உண்டா? கரும்பலகையில் ஒரு கோடு இழுப்பார். ஆளுக்கு ஆள் தத்தம் இடத்தில் வந்து நிற்பார்கள்!

அந்த மனிதர் ஒருமுறை தவறினார். அன்று அவர் நடந்துகொண்ட விதத்தைத்தான் போற்ற வந்திருக்கிறேன்.

"வரிசையில் லாலன் இடமிருந்து பன்னிரண்டாவது. பிபின் வலமிருந்து பதினெட்டாவது. நடுவே ஐந்து பேர். மொத்தம் எத்தனை பேர்?" மூன்றையும் கூட்டு, முப்பத்தைந்து, நாற்பது நொடியில் முடி என்று கற்பித்தார். நம் மையத்துக்காக அவர் எழுதிய புத்தகத்திலும் அதுவே இருந்தது. பிழைதிருத்தியவள் நான். காற்புள்ளிகளைப் பிடித்தேன், இதை விட்டுவிட்டேன்.

நிகார் ஃபாத்திமா மட்டும் எழுந்தாள். "மாஸ்டர்ஜி, பிபின் லாலனுக்கு இடதுபக்கம் நின்னா இருபத்துமூணுதானே வருது?"

"ரொம்ப யோசிக்காதம்மா, நேரம் போயிடும்" என்று சிரித்து உட்காரவைத்தார்.

அந்த ஆண்டு எழுத்தர் தேர்வில் எண்கூட மாறாமல் அதே கணக்கு வந்தது. வெளியிட்ட விடை, முப்பத்தைந்து. நம் பிள்ளைகள் துள்ளினார்கள். 'தீர்மானிக்க முடியாது' என்று குறித்த நிகாருக்கு மதிப்பெண் போயிற்று. வயது வரம்பின்படி அது அவளுக்குக் கடைசித் தேர்வு.

ஆட்சேபம் தெரிவிக்க மூன்று நாள் இருந்தது. விடை வெளியான அன்று மாலையே ஜா என் வீட்டுக்கு வந்தார். என்னை அண்ணி முறை வைத்து 'பாபிஜி' என்றுதான் அழைப்பார்.

"பாபிஜி, நல்ல இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதிக் குடுங்க. அந்த விடை தப்பு. என் புத்தகமும் தப்புன்னு சேத்துக்குங்க."

"நம்ம பிள்ளைங்க அத்தனை பேருக்கும் ஒரு மார்க் போகும். உங்க மிருணாளும் எழுதியிருக்கான்."

"அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வர்றேன். சாப்பாட்டுல பாதியிலயே எழுந்து போயிட்டான்."

மறுநாள் வகுப்பே கொந்தளித்தது. "எதிர் கோச்சிங்காரன் எவ்வளவு குடுத்தான் மாஸ்டர்ஜி?" என்று ஒருவன் கத்தினான். ஜா கோபப்பட்டாரா? இல்லை! கோடு இழுத்தார். முப்பத்தைந்து பேரை நிறுத்தினார். கீழே இன்னொரு கோட்டில் இருபத்துமூன்று பேரை நிறுத்தினார்.

"ரெண்டும் சரியா நிக்குதா? நான்தான் தப்பா சொல்லிக்குடுத்தேன். யோசிச்சவள உக்காரவெச்சேன்."

மனு ஏற்கப்பட்டது. நிகார் தேறினாள், இன்று கயாவில் பணியில் இருக்கிறாள். நம் மையத்தில் ஒன்பது பேர் அந்த ஒரு மதிப்பெண்ணில் தவறினார்கள். மிருணாள் அவர்களில் ஒருவன். நான்கு மாதம் தந்தையோடு பேசவில்லை. அப்படியொரு வேலை அவனுக்குப் பிறகும் கிடைக்கவில்லை. இதைச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு வராது.

கங்கைக் கரையில் தந்தைக்குத் தீ மூட்டிவிட்டு வந்த அன்று அவன் என்னிடம் சொன்னான்: "பெரியம்மா, எனக்காக பாபுஜி சும்மா இருந்திருந்தா, இன்னிக்கு அவர் முகத்த என்னால பாத்திருக்க முடியாது."

நண்பர்களே, மையத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன். இனி விடைப்பட்டியல் வரும்போதெல்லாம், நமக்குச் சாதகமான பிழையைத்தான் முதலில் தேடுவோம். மனுவை நானே எழுதுவேன்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.