கோப்பையில் நான் ஊற்றியது

என் பெயரையும் வீட்டு முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. படிப்பு வேதியியலில் முதுகலை. தீப்புண்ணுக்கான வெள்ளிக் களிம்பு தயாரிக்கும் நிறுவனத்தில் பதினொரு வருடமாகத் தரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். திருமணம் ஆகவில்லை. தங்கையுடன் வசிக்கிறேன்.

சம்பவ நாளன்று காலை எட்டரை மணிக்கு ஆய்வகத்தில் நுழைந்ததும் நான் முதலில் செய்தது, என் மேஜை இழுப்பறையில் இருந்த தேயிலைப் பொட்டலத்தைக் குப்பைக்கூடையில் போட்டதுதான். அந்தத் தேயிலை குடிப்பதற்காக வாங்கியதல்ல. எங்கள் களிம்பில் சேர்வது வெள்ளியின் மிக நுண்ணிய துகள்கள். ஆயிரக்கணக்கில் வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். நீரில் அவை தனித்தனியாக மிதக்கும்போது அந்த நீர் வெளிர்மஞ்சளாக, நீர்த்த தேநீர் போலவே இருக்கும். மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் வரும்போதெல்லாம் எங்கள் முதலாளி ஒரு கோப்பை வெள்ளி நீரை எல்லோர் முன்னிலையிலும் குடித்துக் காட்டி, "பச்சைத் தண்ணி மாதிரிங்க, ஒண்ணும் பண்ணாது" என்பார். ஆறு வருடமாக அவர் குடித்தது நான் வடித்து ஆறவைத்த தேயிலைத் தண்ணீர். வடிக்கச் சொன்னவர் அவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. அவருடைய வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கத்தைக் கூட நான் பார்த்ததில்லை.

சம்பவத்துக்கு நான்கு மாதம் முன்பு பதினேழாவது பேட்ச் தயாரானபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் பெரிய கலனைக் காய்ச்சி வடித்த நீரில் அலசாமல் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டார். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அவை கிருமியைக் கொல்லும் வலுவை இழந்துவிடும். மறுநாள் காலை அந்த நீர் பாத்திரம் கழுவிய தண்ணீர் போலச் சாம்பல் நிறமாக இருந்தது. நான் பரிசோதனைத் தாளில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினேன். அதன் பிறகு முதலாளி என்னை அறைக்கு அழைத்து, "களிம்புல கலந்துட்டா நிறம் யாருக்கும்மா தெரியப்போகுது?" என்று கேட்டார். நான் இரண்டு நாள் வாதாடினேன். மூன்றாம் நாள் அவர் 'ஏற்கப்பட்டது' என்று எழுதிய புதிய தாளை நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் கழித்து, ரொட்டிக்கடையில் மாவு பிசையும் என் தங்கைக்கு அடுப்புத் தட்டு விழுந்து வலது கை வெந்துபோனது. மருத்துவமனையில் அவளுக்குக் கொடுத்த டியூபை என்னிடம் காட்டி, "அக்கா, உன் கம்பெனி மருந்துதான் குடுத்திருக்காங்க. இனிமே எனக்கென்ன கவலை" என்று சிரித்தாள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். டியூபின் அடியில் அச்சிட்டிருந்த பேட்ச் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது நாள் நானே தடவிவிட்டேன். பத்தாம் நாள் புண்ணில் நாற்றம் வந்தது. அதன் பிறகு மூன்று விரல்களை எடுத்தார்கள். அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது காலி டியூபைத் தூக்கிப் போடப் போன நான் எண்ணைப் படித்தேன். பதினேழு.

அந்த டியூபை முதலாளி மேஜையில் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் தங்கச்சி புண்ணை ஒழுங்கா கழுவியிருக்க மாட்டா" என்றார். அடுத்து மருத்துவர்கள் முன் அவர் குடித்துக் காட்டும் செய்முறை விளக்கம் என்றைக்கு என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சம்பவ நாளன்று பதினொரு மணிக்கு ஒன்பது மருத்துவர்கள் வந்தார்கள். தரத்தில் தேறிய, அன்றைய புதிய வெள்ளி நீரைக் கோப்பையில் முக்கால் அளவு ஊற்றி வழக்கமான இடத்தில் வைத்தேன். வேறு எதையும் கலக்கவில்லை. அவர் வழக்கம்போல் கோப்பையைப் பார்க்காமல் மருத்துவர்களைப் பார்த்தபடியே பாதி குடித்தார். அதன் பிறகு நான், "சார், தேயிலை தீர்ந்துபோச்சு. இன்னைக்கு நிஜமான வெள்ளித் தண்ணிதான் ஊத்தியிருக்கேன்" என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டுக் கை கழுவும் தொட்டிக்கு ஓடி, தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தார். கோட்டின் முன்பக்கம் முழுவதும் நனைந்தது. வயதான பெண் மருத்துவர் ஒருவர், "என்ன சார், பச்சைத் தண்ணின்னு சொன்னீங்க?" என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகுதான் அவர், "விஷம் வச்சுட்டா, போலீஸைக் கூப்பிடுங்க" என்று கத்தினார்.

ஒரு கோப்பை குடித்தால் உயிருக்கு ஆபத்து வராது என்று அறிந்தே ஊற்றினேன். அவர் பயப்பட வேண்டும், அதை மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதே என் நோக்கம். அவர் குனிந்து நின்றபோது எனக்கு எப்படி இருந்தது என்று அதிகாரி கேட்டார். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் குனிந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

இன்று மதியம் நிறுவனத்தின் வக்கீல் வந்து, மன்னிப்புக் கடிதம் கொடுத்து வேலையை விட்டு விலகினால் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். என் தங்கை, "எழுதிக் குடுத்துடுக்கா, வீட்டுக்குப் போகலாம். எனக்கு நீ இருந்தா போதும்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று இருவரிடமும் சொன்னேன்.

நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. கோப்பையில் மீந்ததைக் காவல் துறை முத்திரையிட்டு எடுத்துச் சென்றிருக்கிறது. அது விஷம் என்று முடிவு வந்தால், ஆறு வருடம் அவர் சொன்னது பொய். விஷமில்லை என்று வந்தால் அவர் புகார் பொய். எது வந்தாலும் அத்துடன் விடமாட்டேன். என்னிடம் உள்ள பதினேழாவது பேட்சின் இரண்டு தாள்களையும், நிராகரித்ததையும் ஏற்றதையும், நானே நீதிமன்றத்தில் கொடுக்கப் போகிறேன். இரண்டிலும் இருப்பது என் கையெழுத்து. அவர் உள்ளே போக நானும் போக வேண்டும் என்றால் போகிறேன். அந்தக் கையெழுத்து என் தங்கைக்குத் தெரியாது. வெளியே பெஞ்சில் எனக்காகக் காத்திருக்கிறாள். இந்த முடிவை இதற்குமுன் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மேலே எழுதப்பட்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது. திருத்தவோ நீக்கவோ எதுவும் இல்லை.

(ஒப்பம்)